முளைக்காத ஹொரப்பா

— மறுபடியும் விதைக்கா வந்தீங்க? என்ன கார்டய்யா, ஹொரப்பாத் துளசி விதையை நடுறீங்களா, இல்ல வறுத்துக் கொறிக்கிறீங்களா?

— கேலி பண்ணாதீங்க, லம்யாய். அதாவது, இந்தத் தடவையும் வரல. தொட்டியில மண்ணு மட்டும்தான் இருக்கு. நான் விதை கேக்க வரல. சொல்லிட்டுப் போக வந்தேன்.

— எங்க போறீங்க?

— பாங்காக். ஞாயித்துக்கிழமை பையன் விட்டூன் வண்டி எடுத்துட்டு வர்றான். வீட்டைப் பூட்டிட்டு அவனோடயே போயிடலாம்னு.

— இதென்ன திடுதிப்புனு! அந்த அடுக்குமாடிக்கா? போன தடவை போயிட்டு வந்து, அங்க காலை நீட்ட எடமில்ல, பேச நாதியில்லன்னு இதே படியில உக்காந்து பொலம்புனது யாரு?

— நான்தான். ஆனா மனசுக்குள்ள ஒண்ணு வெச்சிருந்தேன். ஒரே ஒரு ஹொரப்பாச் செடி என் கையால முளைச்சா, இந்த வாய்க்கால் கரையிலயே இருந்துடறது. இல்லேன்னா கெளம்பிடறது.

— நல்லாருக்கே! ஒரு தழைகிட்ட யோசனை கேட்டுட்டா ஊரை விட்டுப் போவாங்க? வேலியோரமா என் செடி காடா நிக்குது, சோம்பு வாசம் தெரு வரைக்கும் அடிக்குது. வேணுங்கிற மட்டும் கிள்ளிக்குங்கன்னு வாய் வலிக்கச் சொல்லிட்டேன். சிப்பி வதக்குறப்ப ஒரு கைப்பிடி போட்டா முடிஞ்சுது.

— கிள்ளிக்கிறது வேற, முளைக்க வெக்கிறது வேற. புப்பா இருந்தவரைக்கும் தோட்டத்துப் பக்கமே என்னை விடமாட்டா. "உங்களுக்குச் சூட்டுக்கை, தொட்டா பச்சை கருகிடும். எனக்குத்தான் குளிர்ந்த கை"ம்பா.

— அது பொண்டாட்டி புருஷனைச் சீண்டுற பேச்சு. எங்க வீட்டுலயும்தான் சொன்னேன். அதையே சாக்கா வெச்சு, அந்த மனுஷன் கண்ணை மூடுறவரைக்கும் ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தல.

— நானும் வெளையாட்டுன்னுதான் நெனச்சேன். அவ போன பிறகு மிளகா, எலுமிச்சம்புல்லு எல்லாத்துக்கும் நான்தான் தண்ணி ஊத்துனேன். ஒண்ணொண்ணா போச்சு. கடைசியில அவ வெச்ச ஹொரப்பாவும் போச்சு. அதாவது... படுத்தா ஒரே நெனப்பு. ஆஸ்பத்திரியில கடைசி வரைக்கும் அவ என் கையைத்தான் புடிச்சிட்டிருந்தா, லம்யாய்.

— ச்சீ, வாயைக் கழுவுங்க! என்ன பேச்சு இது! ஈரல் கெட்டுப்போன பொம்பளைக்கு உங்க கை என்னய்யா பண்ணும்?

— தெரியல. அதான் விதை கேட்டேன். ஒண்ணாவது முளைச்சா, என் மேல பழி இல்லன்னு மனசைத் தேத்திக்கலாம்னு பாத்தேன். முளைக்கலையே.

— இதுக்குத்தான் கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாது, கார்டய்யா. புத்தர் மேல ஆணையா தெரியாது.

— யாருகிட்டயும் சொன்னதில்ல. சரி, வர்றேன். எங்க வீட்டுப் பூனை வந்தா மட்டும் ரெண்டு மீன் தலை போடுங்க.

— நில்லுங்க. பூனை எங்கயும் போகாது. உக்காருங்க இப்படி. விதையை எப்படிப் போட்டீங்க?

— எல்லாரும் போடுற மாதிரிதான். ஊற வெச்சேன். வெள்ளையா தவளை முட்டை கணக்கா உப்புனதும் மண்ணுல தூவி, லேசா மூடி, தண்ணி தெளிச்சேன்.

— அதை ஊறவே வெக்க வேணாம். அப்படியே மண்ணு மேல தூவி, ஈரம் காயாம பாத்துக்கிட்டா போதும். நீங்க என்னடான்னா கெட்டில்லேருந்து ஆவி பறக்க ஊத்துனா, விதை வேகாம என்ன செய்யும்?

— புப்பா அப்படித்தானே ஊத்துவா? தேங்காப்பால்ல போட்டுக் குடிக்கிறதுக்கு, கொதிதண்ணி ஊத்துனாத்தான் சட்டுனு உப்பும்னு...

— அது வேற துளசி, மேங்லக் விதைய்யா! வயித்துக்குள்ள போற விதை. அது வெந்தா என்ன, வேகாட்டி என்ன? மண்ணுல போடுற விதைக்குக் கொதிதண்ணியா? உசுரோட அவிச்சுட்டு, பாவம், கையைப் பழி சொல்றீங்க. உங்க கையில ஒரு குத்தமும் இல்ல.

— அப்போ... புப்பா...

— புப்பாவைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கிட்டீங்க. ஊரே சொல்லுது. அழணும்னா அழுங்க, இங்க யாரு இருக்கா.

— லம்யாய். கொஞ்சம் இருங்க. நான் ஊற வெச்சேன்னுதான் சொன்னேன். கெட்டில்னு சொல்லவே இல்லையே.

— சொன்னீங்க.

— சொல்லல. ஆயுசு பூரா ரயில்ல கொடி காட்டுனவன். என்ன சொன்னேன், என்ன சொல்லலன்னு எனக்குத் தெரியும்.

— என் அடுப்பங்கரை ஜன்னல்லேருந்து பாத்தா உங்க பின்வாசல் தெரியும்.

— அப்போ மொத தடவையே பாத்துட்டீங்களா?

— பாத்தேன்.

— பாத்துட்டும், சிரிச்சுக்கிட்டே மறுபடி மறுபடி விதை குடுத்தீங்களா? "அய்யா, வெந்நி ஊத்தாதீங்க"ன்னு ஒரு வார்த்தை வரலையா? ஒவ்வொரு தடவையும் அந்த வெறுந்தொட்டியைப் பாத்து நான் என்ன பாடுபட்டேன்னு...

— மனசுல இப்படி ஒரு பாரத்தைச் சுமக்கிறீங்கன்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே வேலி தாண்டி வந்து கெட்டிலைப் புடுங்கி வாய்க்கால்ல எறிஞ்சிருப்பேன். மன்னிச்சிடுங்க.

— மன்னிப்பு கெடக்கட்டும். ஏன் சொல்லல?

— முளைச்சிட்டா, அப்புறம் எதைக் கேட்டு என் வாசலுக்கு வருவீங்க?