சிலந்தி அறையின் விதிகள்

தண்ணீரே போதும், ஐயா. காபி, டீ எதையும் நான் தொடுவதில்லை. கை நடுங்கும். லிஃப்ட் பழுது பார்ப்பவனுக்குக் கை நடுங்கக் கூடாது. சிலந்தி வளர்ப்பவனுக்கு நடுங்கவே கூடாது.

வளர்க்க வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று உங்கள் ஏட்டு கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். நாய்க்கு நம் பாசம் வேண்டும், பூனைக்கு நம் மடி வேண்டும். சிலந்திக்கு நம்மிடம் எதுவுமே வேண்டாம். பகல் முழுக்க அடுக்குமாடிக்காரர்களின் புலம்பலைக் கேட்டுவிட்டு வீடு திரும்புபவனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொன்னால் புரியாது.

என்னிடம் பதினான்கு இருந்தன. இரண்டு தரையில் வாழ்பவை, மந்தமானவை. மற்றவை மரத்தில் ஏறி வாழும் டாரன்டுலாக்கள். விரித்த உள்ளங்கை அளவு இருக்கும். பெட்டியின் அடியில் இருக்கிறதே என்று நினைத்து முடிப்பதற்குள் உங்கள் தோளில் இருக்கும். கடித்தால் ஆள் சாக மாட்டான். ஆனால் தசையெல்லாம் முறுக்கிக்கொண்டு நாலைந்து நாள் உயிரை வாங்கிவிடும். அவற்றின் மேல் தப்பில்லை. பயந்தால் ஓடும், ஓட வழியில்லாவிட்டால் கடிக்கும். நாம் பதறாமல் இருந்தால் போதும்.

அதனால்தான் விதிகள் வைத்தேன். உயரமான பெட்டி, உள்ளே நிமிர்த்தி வைத்த மரப்பட்டை, காற்று குறுக்காகப் போக இரண்டு பக்கமும் சின்னச் சின்னத் துளைகள். சிலந்தி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. திறப்பதென்றால் பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும், பிடிக்கிற டப்பா கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கையால் தொடவே கூடாது, தூரிகையால் மெல்லத் தள்ளினால் அதுவே நகரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது கிடைக்கிற வரைக்கும் அறைக் கதவு திறக்கக் கூடாது. இதையெல்லாம் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். பத்து வருடத்தில் ஒரு கடி இல்லை. ஒன்றுகூடத் தப்பித்ததில்லை.

அப்புறம் என் மனைவியின் அண்ணன் வந்தார்.

வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், இரண்டே மாதம் என்று சொல்லித்தான் வந்தார். நான் சொல்கிற நாளில் ஏழாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர், எல்லாருக்கும் அவர் மாஸ்டர். கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுத்தால் மாணவர்களைக் காது கிழியத் திட்டுவார். ஊருக்குத்தான் உபதேசம். என் கதவில் இருந்த தாளை ஒரு நாள்கூட முழுசாகப் படிக்கவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த அறையைத் திறந்து காட்டுவார். "வாங்க வாங்க, நம்ம மாப்ளையோட எட்டுக்கால் குடும்பத்தப் பாருங்க" என்பார். தரைச்சிலந்தியைக் கையில் ஏற்றி நடக்கவிட்டு வீடியோ எடுப்பார். நான் சொன்னேன். தன்மையாகச் சொன்னேன், கறாராகச் சொன்னேன், ஒரு தடவை கையெடுத்துக் கும்பிட்டும் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போயிருந்தபோது என் மூத்த மரச்சிலந்தியின் பெட்டியைத் திறந்திருக்கிறார். அது சுவரில் ஏறியது. இவர் செருப்பைக் கழற்றி அடித்துவிட்டார். மிளகு அளவில் இருந்தபோது வாங்கியது, ஐயா. ஒன்பது வருடம். அது தோலுரிக்கிற ஒவ்வொரு முறையும் லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

"மச்சான், என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்டேன்.

"மேல பாஞ்சிடுச்சு மாப்ள. பூச்சிதானே, விடு. வேற ஒண்ணு வாங்கிக்க. என்ன விலைன்னு சொல்லு, நான் தர்றேன்."

என் மனைவி கணக்கு டீச்சர். யாருடைய தப்பு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவள் அன்றைக்குச் சாயங்காலம் சொன்னது இது: "ஏங்க, வயசுல பெரியவரு. ஒரு சிலந்திக்காகவா மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு இருக்கீங்க?"

நான் அப்படி வைத்துக்கொள்ளவே இல்லை. சுவரைத் துடைத்தேன். பெட்டியைக் கழுவிக் காயவைத்தேன். கோபத்தில் எதையும் செய்கிற ஆள் நான் இல்லை. நீங்கள் இதைப் பழிவாங்கல் என்று எழுதிக்கொண்டால் அது தவறு. எனக்கு இருந்தது அலுப்பு. ஒரே விஷயத்தை இருபது தடவை சொல்லி, இருபது தடவையும் சிரித்துவிட்டுப் போகிற ஆளோடு ஒரே வீட்டில் இருந்து பாருங்கள்.

பெட்டிகளுக்கெல்லாம் சின்னப் பூட்டு போட்டேன். இரண்டு நாள் கழித்து யோசித்தேன், பூட்டினால் ஆள் எதைக் கற்றுக்கொள்வார்? ஆகவே ஒரு பெட்டியை மட்டும் பூட்டாமல் விட்டேன். வெறும் கொக்கி, கதவு அடித்தாலே தானாக மாட்டிக்கொள்ளும். தரைச்சிலந்தியின் பெயர்ச்சீட்டைக் கிழித்தெடுத்து அதன்மேல் ஒட்டினேன். உள்ளே இருந்தது மரச்சிலந்தி, இருப்பதிலேயே முன்கோபி. மாஸ்டர் சிலந்தியைப் பார்த்தெல்லாம் அடையாளம் கண்டுபிடிக்கிறவர் இல்லை. சீட்டைக்கூட நுனிப்புல் மேய்வார். உயரமான பெட்டி என்பதைக் கவனித்திருந்தாலே தப்பித்திருப்பார்.

நேற்று முன்தினம் மதியம் மூன்று மணி. மனைவி விடைத்தாள் திருத்தப் போயிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து வேலைப்பையிலிருந்த ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் செல்போனோடு அறைக்குள் போனார். தடுக்கவில்லை. தடுத்துப் பார்த்தாயிற்று.

அலறல் கேட்டதும் எழுந்து போய் அறைக் கதவை இழுத்துச் சாத்தினேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நடுங்கவில்லை.

"மாப்ள, கடிச்சிடுச்சு! கதவைத் தொற!"

"எங்க இருக்குன்னு பாருங்க மச்சான். அது கெடைக்காம தொறக்க முடியாது. தாள்ல எழுதியிருக்கு."

"கை இழுக்குதுடா... மூச்சு முட்டுது. இன்ஹேலர், டேபிள் மேல..."

அவருக்கு ஆஸ்துமா இருந்தது எனக்குத் தெரியும். ஏழு மாதமாக இரவெல்லாம் அவர் இருமலைக் கேட்டவன் நான். மருந்து சாப்பாட்டு மேசைமேல் இருந்தது, நான் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு. அதை அங்கே வைத்தது அவர்தான், நான் இல்லை. பயந்தால் அவருக்கு மூச்சு திணறும் என்பதும் தெரியும். அதனால்தான் "பதறாதீங்க மச்சான், மெதுவா மூச்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. கொஞ்ச நேரம் கதவைத் தட்டினார். பிறகு தட்டுவது கீழே இறங்கி வந்தது. பிறகு விரல் நகம் மட்டும் கேட்டது.

ஆம்புலன்ஸை நான்தான் கூப்பிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிலந்தி வெளியே ஓடிக்கொண்டிருந்ததால் திறக்க முடியவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். மனைவியிடமும் அதையே சொன்னேன். அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் செல்போனில் வீடியோ கடைசிவரை ஓடியிருக்கிறது என்று இன்று காலை நீங்கள் சொன்னீர்கள். அப்படியென்றால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் கையை உதறி இழுத்த வேகத்தில் சிலந்தி உள்ளேயே விழுந்தது. பெட்டிக் கதவு தானாக அடித்துச் சாத்திக்கொண்டு, கொக்கியும் மாட்டிக்கொண்டது.

அறைக் கதவில் கண் உயரத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி பதித்திருக்கிறேன். அது வழியாக நானும் பார்த்தேன். முதல் நிமிடத்திலேயே சிலந்தி பட்டைக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிட்டது. வெளியே எதுவும் இல்லை. அதற்குப் பிறகு பத்து நிமிடம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். விதியை ஒருவருக்காக ஒரு தடவை தளர்த்திவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் யாருக்குமே பாதுகாப்பு இருக்காது, ஐயா.