பிக்கப்புக்கு அடியில் இருந்த பத்திரிகை

ஒத்தக்கடை பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த கிட்டார் ரிப்பேர்க்காரர் பக்கத்தில் இருந்த நண்பரிடம் சொன்னார்: "மாப்ள, கிட்டாருக்குள்ள என் கல்யாணப் பத்திரிகை இருந்துச்சு."

"எந்தக் கிட்டாரு?"

"ஒன்னுவிட்ட சித்தப்பா வித்த பேஸ் கிட்டாரு. வாங்குனவரு புது ஹம்பக்கர் பிக்கப், அதான் கம்பிச் சத்தத்த வாங்குற மைக்கு மாதிரி, அத மாட்டக் கொண்டாந்தாரு. கம்பிக்குக் கீழ இருந்த பழைய பிக்கப்பக் கழட்டுனேன். உயரம் பத்தலைன்னு சித்தப்பா அதுக்கு அடியில பத்திரிகைய நாலா மடிச்சு வச்சிருக்காரு. மேல அவரு பேரு, எங்கப்பா கையெழுத்துல."

நண்பர் அவர் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டார். "பத்திரிகையே வரலைன்னுதான அவரு உங்கப்பா சாவுக்குக்கூட வரல?"

"ஆமா. வீட்டுல ஆள் இல்ல, கதவிடுக்குல சொருகிட்டு வந்தேன்னு அப்பா கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"நானே அப்பாவ நம்பல மாப்ள."