கயிற்றின் வால்

— தொண்டைக்கு என்னடா?

— ஒண்ணுமில்லையே அத்தே.

— அப்புறம் எதுக்குச் செருமின? நேத்தும் கயிறு இழுத்துப் பழகுறப்போ செருமின, இன்னைக்கும் செருமின. நீ செருமினதும் பத்துப் பயலும் முட்டியை நிமித்தினானுங்க.

— களைச்சுப் போயிருப்பானுங்க. அவ்வளவுதான்.

— களைச்சவன் ஒவ்வொருத்தனா நிமித்துவான். சொல்லி வச்ச மாதிரி ஒண்ணா நிமித்த மாட்டான். கேட்டுக்கோ, உனக்கு மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே லாரிக்குக் கயிறு போட்டுப் பெட்டி எறக்கினவ நான். இழுக்கிறவன் முட்டியை மடக்குவான். கயித்தை விடப் போறவன்தான் நிமித்துவான்.

— அத்தே, வீட்டுக்குப் போகலாம். பசிக்குது.

— குடோன் சாவி என் இடுப்புல இருக்கு. சொல்லிட்டுப் போ.

— சரி, கேளு. விடத்தான் போறோம். நாளைக்குப் போட்டியில, எல்லைப் பாலத்து மேல அந்தக் கரைக்காரனுங்க மூச்சைப் பிடிச்சு இழுக்கிற நேரமாப் பாத்து நான் செருமுவேன். எல்லாரும் ஒண்ணாக் கையை விரிப்போம். அவ்வளவுதான்.

— மேஸ்திரியம்மா! இங்கதான் இருக்கீங்களா? சந்தோஷம், சந்தோஷம்! உள்ள வரலாமா?

— வாங்க செயலாளர் சார். கால்ல கயிறு தடுக்கும், பாத்து.

— சட்டை வந்தாச்சும்மா. முதுகுல ரெண்டு நாட்டுக் கொடியும் கைகோத்த மாதிரி அச்சடிச்சிருக்கு. தம்பி, நாளைக்குக் கொஞ்சம் சிரிக்கணும். போன தடவை போட்டோவுல நீங்க எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நின்னீங்க.

— எங்க மூஞ்சி அப்படித்தான் சார்.

— பாத்தீங்களா, இதைத்தான் சொல்றேன்! இது போட்டி இல்ல தம்பி, நட்பு விழா. யார் ஜெயிச்சாலும் ரெண்டு பக்கத்துக்கும் கோப்பை உண்டு.

— அப்ப எதுக்கு சார் இழுக்கணும்? கோப்பையைக் கொரியர்ல அனுப்பிடலாமே.

— டேய், வாயை மூடு. நீங்க சொல்லுங்க சார்.

— இருக்கட்டும்மா, இளரத்தம். அப்புறம், நீங்க காலையில கேட்டீங்களே, அதுக்கு அந்தப் பக்கத்துல ஒத்துக்கிட்டாங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு, இதுதான் உண்மையான—

— சார், அதை இவனுக்கு நான் சொல்லிக்கிறேன். நீங்க சட்டை அளவைப் பாருங்க. சின்னதா இருந்தா இவனுங்க தோள்ல ஏறினதும் கிழிஞ்சிடும்.

— ஐயோ, ஆமா! போய்ப் பாக்குறேன். சந்தோஷம், வரேன்.

— என்ன கேட்ட அவர்கிட்ட?

— அது அப்புறம். பாலத்துத் தரை என்ன தரை?

— சிமெண்டு.

— கயித்துக்கு வால் ஆள் எப்படி நிப்பான்?

— கடைசியில நின்னு, கயித்தை இடுப்புல சுத்தி, உடம்பு மொத்தமும் பின்னாடி சாஞ்சு.

— எதிர்ல இருக்கிறவன் சட்டுனு விட்டா எது முதல்ல தரையில படும்?

— பின்மண்டை. தெரிஞ்சுதான் பண்றேன். பழக்கி விடுற ஆள்தான் வாலா நிக்கணும்னு விழாவுல வச்சிருக்காங்க இல்ல? நம்ம பக்கத்துக்கு நீ. அவங்க பக்கத்துக்கு அந்தச் சுருட்டை. எங்கப்பா முதுகை உடைச்ச சுருட்டை.

— அப்ப நானும் கயித்தைச் சுத்திக்கிட்டுத்தானே நிப்பேன்? நீங்க விட்டா என்னை முன்னாடி இழுத்துட்டுப் போகாதா?

— உன்னை விழ விடுவேனா அத்தே? பாலத்துல ஏறுறதுக்கு முன்னாடி உன் காதுல சொல்லலாம்னுதான் இருந்தேன். இப்பவே சொன்னா நீ போய்ச் செயலாளர்கிட்ட வத்தி வச்சிடுவ.

— பாசம் பொங்குது.

— நம்ம தொழில்ல என்ன முறை? 'விடுறேன்'னு குரல் குடுக்கணும். மறுபக்கம் 'விடு'ன்னு சொன்னப்புறம்தான் கையை எடுக்கணும். நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்த. அன்னைக்கு எங்கப்பாகூட மெஷின் பெட்டி எறக்குறப்போ அவன் குரல் குடுத்தானா?

— எனக்குத் தெரியாது.

— பக்கத்துலதானே நின்ன!

— நின்னேன். லாரி எஞ்சின் ஓடிட்டிருந்துச்சு. அவன் வாய் அசைஞ்சுது. கத்தினானா, மூச்சு வாங்கினானான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. பெட்டி பலகையில சறுக்கிட்டு வந்தது மட்டும் தெரியும்.

— தெரியாதாம்! தெரியாமத்தான் மறுவாரமே அவன்கூட ஜோடி போட்டு எறக்கினியா? யார்டுல என்ன பேசுறாங்க தெரியுமா? அண்ணன் படுத்த படுக்கை, தங்கச்சிக்கு அந்தக் கரை ஆளோட—

— வாங்கிட்டியா? இன்னொரு கன்னமும் இருக்கு, மிச்சத்தையும் சொல்லு.

— அடிச்சுட்ட இல்ல?

— அடிச்சேன். உங்கப்பனுக்குப் பீ மூத்திரம் அள்ளுறது யாருடா, உனக்குக் கதை சொன்ன அந்த யார்டா? அன்னைக்கு அவன் ஒருத்தன்தான் ஜோடிக்கு இருந்தான். வயித்துக்கு எறக்கினேன், அவனைக் கொஞ்சுறதுக்கு இல்ல. அவன் மூஞ்சியைப் பாத்தா இன்னும் எனக்குக் குமட்டும்.

— அப்புறம் என்ன? விழட்டும் விடேன்.

— அவன் முன்னாடி நிக்கிற பயலுங்க? கொத்தா அவன் மேல விழுவானுங்க. அதுல ஒருத்தனுக்குக் கயித்தைப் பிடிக்கவே இன்னும் வரல, கையெல்லாம் கொப்புளம்.

— அவங்கப்பன்தானே குறைஞ்ச கூலிக்கு வந்து நம்ம வேலையைப் பிடுங்கினான்? கொப்புளம் வரட்டும்.

— கல்லுடா நீ.

— நீ வளத்த கல்லு. போ, போய்ச் செயலாளர்கிட்ட சொல்லு. எங்க பேரை அடிக்கச் சொல்லு.

— சொன்னா பேரோட போகுமா? பத்துப் பேருக்கும் கேட் பாஸைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் எங்க போய் மூட்டை தூக்குவீங்க?

— அப்ப உன்னால ஒண்ணும் பண்ண முடியாது. சாவியைக் குடு.

— இந்தா. பண்ண வேண்டியதைக் காலையிலேயே பண்ணிட்டேன்.

— என்ன பண்ணின?

— நேத்து நீ செருமினப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. விடிஞ்சதும் செயலாளரைப் பிடிச்சேன். நட்பை முதுகுல அச்சடிச்சாப் போதுமா சார், வால் ஆளை மாத்தி நிக்க வைங்கன்னேன். மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, நீயே கேட்டியே.

— மாத்தின்னா?

— நாளைக்கு உங்களுக்குப் பின்னாடி சுருட்டை நிப்பான்.

— அத்தே... அப்ப அந்தப் பக்கம்?

— அங்க வாலா நான்தான் நிப்பேன். கேட்டுக்கோ. எஞ்சின் சத்தத்துலயே நின்னு நின்னு எனக்குக் காது மந்தம். அவ்வளவு தூரத்துல நீ செருமினா கேக்காது. விடுறதா இருந்தா, 'விடுறேன்'னு சத்தமாக் குரல் குடுத்துட்டு விடு.