கிட்டாருக்குள் அரைப்படி நெல்

“என்னங்க, உங்க வீட்டு கிட்டாருக்கும் தொப்பை போட்டிருக்கே?”

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ்ஸில், என் முன்சீட்டு வாத்தியார் கேட்டார். பக்கத்தில் பழைய கிட்டாரை மடியில் வைத்திருந்தவர் அவருடைய ஊர் மிராசுதார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மாடு மேய்க்கிறவன் பேரில்கூட நிலம் எழுதிவைத்தவராம்.

“தொப்பை இல்லப்பா, ஈரத்துல பலகை உப்பியிருக்கு. பையன் மெட்ராஸ்ல வாங்கினது. விக்கத்தான் போறேன், நீயே வாங்கிக்கயேன்.”

“கழுத்து வளைஞ்சிருக்கு. தந்தி ரெண்டைக் காணோம்.”

“மரம் நல்ல மரம். சத்தம் கணீர்னு கேக்கும்.”

வாத்தியார் அதைக் கையில் எடுத்துத் தட்டினார். உள்ளே சலசலத்தது. கவிழ்த்து உலுக்கினார். நடு ஓட்டை வழியாக நெல் கொட்டியது. அரைப்படி தேறும்.

“சர்க்காருக்கு லெவி நெல் அளந்து எடுக்க ஆபீசர் வந்தப்ப ஒளிச்சு வெச்சீங்களா?”

“சேச்சே! எலி கொண்டுபோய்ப் போட்டிருக்கும்.”

“கெட்டிக்கார எலிங்க. எங்கப்பா கூலியில அரைப்படி கூட்டிக் கேட்டப்ப, வீட்டுல ஒரு மணி நெல் இல்லேன்னு சத்தியம் பண்ணீங்களே. அன்னிக்கு இந்த எலியைக் கேட்டிருக்கலாம்.”

மிராசுதார் சீட்டுக்கடியில் குனிந்து, நெல்லை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.