மீட்புப் படகு எங்கே என்று கேட்டவர்களுக்கு உண்மை சொன்ன ராகேல் அக்காவுக்கு

காயல் காற்றும் கடலோர வெயிலும் பழகிய முகத்தவரே! சீட்டுக் கிழித்துக் கை சிவந்தபோதும் சொல் சிதறாத சீர்மையே! எங்கள் பொறுப்பின்மையை இத்தனை காலம் பொறுத்துக்கொண்ட பெருமையே, ராகேல் அக்கா! தங்கள் பணிநிறைவு நாளில், படகுத்துறைப் பணியாளர்களாகிய நாங்கள் தங்களை வணங்கி இம்மடலைப் படிக்கிறோம்.

‘கலங்கரை விளக்கே’ என்றும் முதலில் எழுதியிருந்தோம். தாங்கள் வெளிச்சம் காட்டியபோது நாங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்ததால் அதை அடித்துவிட்டோம்.

1986 செப்டம்பரில் பணியேற்று இருபத்தாறு ஆண்டும் நான்கு மாதமும் ஆகின்றன. இருபத்தேழு என்று சொன்னவர்கள் உண்டு. பதிவேட்டைப் பார்த்தே இதை எழுதுகிறோம். இத்தனை காலத்தில் தாங்கள் தாமதமாக வந்தது இரண்டே நாள். ஒன்று, புதுக்கடைச் சாலையில் வெள்ளம் ஏறிய நாள். மற்றொன்று, மகளுக்குப் பிரசவமான நாள். அன்றும் பத்தரைக்குள் வந்துவிட்டீர்கள்.

இனிச் சொல்வது அவையோருக்காக. ஆகவே சிறிது நேரம் அக்காவை ‘அவர்’ என்று சொல்ல அனுமதி வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில்தான் நம் துறையில் மோட்டார் படகு உலாவுக்குக் கூட்டம் அலைமோதும். ஆழிப்பேரலைக்குப் பின், 2006இல், படகுச் சீட்டோடு ஐந்து ரூபாய்க்கு ஒரு பச்சைச் சீட்டும் தர உத்தரவு வந்தது. அந்தப் பணம் மீட்புப் படகு வாங்கி நிறுத்த மட்டுமே என்று சீட்டிலேயே அச்சிட்டிருந்தது. பேரலையைக் கண்ட கரை, யாரும் முணுமுணுக்கவில்லை. மூன்று பருவம் பணம் சேர்ந்தது. 2009இல் வேறோர் உத்தரவு வந்தது. சேர்ந்த நிதியும் இனிச் சேரும் நிதியும் ‘அவசர அவசியம் கருதி’ விழா வளைவுக்கும் வண்ண விளக்குகளுக்கும் மாற்றப்பட்டன. பச்சைச் சீட்டு மட்டும் நிற்கவில்லை.

பயணிகள் கேட்டார்கள்: இந்த ஐந்து ரூபாய் எதற்கு? அக்கா சொன்னார்: “மீட்புப் படகுக்கு.” படகு எங்கே என்றார்கள். “இல்ல. அந்தா தெரியுதே, லைட்டு வளைவு, அதாக்கும்.”

மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் பதறிப்போய், “அப்ப உள்ள விழுந்துட்டா?” என்றார்.

“நீந்தத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“அப்பம் நடுவுல இருங்க.”

வரிசை சிரித்தது. ஆனால் நாலு குடும்பம் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. படகு ஓட்டுநர் ஞானதாசனுக்குக் கோபம் வந்துவிட்டது. “எக்கா, நீங்க சீட்டக் கிழிச்சுக் குடுத்தாப் போதாதா? பதிலும் சேத்துக் குடுக்கணுமா?”

“காசு குடுக்கியவன் கேக்கான், மக்கா. பொய் சொல்லியதுக்கு எனக்குச் சம்பளம் இல்ல.”

ஞானதாசன் சொன்னதைத்தான் நாங்கள் அனைவரும் நினைத்தோம். கூட்டம் குறைந்தால் எங்கள் பருவப்படி குறையும். அதனால், விளக்கம் கேட்டு அக்காவுக்கு மெமோ வந்தபோது, நாங்களே கூடி ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினோம். நல்ல தமிழில், பிழையின்றி. மேலாளர் நாராயணபெருமாள் அதை அவர் முன் வைத்து, “ஒரு ஒப்புதானே அம்மா. போட்டுட்டு நிம்மதியா இருங்க” என்றார்.

அக்கா இரண்டு முறை படித்தார். “நல்லா எழுதியிருக்கிய. இதே கையால மீட்புப் படகு கேட்டு ஒண்ணு எழுதப்பிடாதா? அதுல மொத ஒப்பு நான் போடுகேன்” என்றார். நாங்கள் எழுதவில்லை. அவருக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நின்றது. சீட்டு அறையிலிருந்து வாசலுக்கு மாற்றப்பட்டு, நனைந்த மிதவைச் சட்டைகளை அலசிக் காயப்போடும் வேலைக்கு வந்தார்.

2011 காணும் பொங்கலன்று, பதினாறு பேரோடு போன படகின் எஞ்சின், காயல் கடலில் கலக்கும் பொழிமுகத்தருகே நின்றுபோனது. வற்றுநீர் படகைக் கடலுக்கு இழுத்தது. நாங்கள் துறையில் நின்று கைபேசியில் எண்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அக்கா செருப்பை உதறிவிட்டு மணலில் ஓடினார். அக்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களை நோக்கி, “லேய் சிலுவைதாசா! வலைய விடுலே, வள்ளத்தத் தள்ளு!” என்று அவர் கத்தியது துறைவரை கேட்டது. வள்ளம் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை.

அன்று மாலையும் நாங்கள் படகு விட்டோம். பாராட்டு மடலில் எழுதத் தகுந்த செய்தியா இது என்று பலமுறை யோசித்தோம். இதை விட்டுவிட்டால் மற்றப் பாராட்டெல்லாம் பொய்யாகிவிடும் என்பதால் எழுதினோம்.

அக்கா, மீண்டும் தங்களிடமே வருகிறோம். மீட்புப் படகைப் பார்க்காமல் போவதுதான் தங்கள் ஒரே குறை. அதை இன்று எங்களால் தீர்க்க இயலவில்லை. ஆயினும் இன்று காலை ஒரு மனு கொடுத்திருக்கிறோம்: மீட்புப் படகு துறையில் மிதக்கும்வரை நாளை முதல் எந்தப் படகும் பொழிமுகத்துக்குப் போகாது. நாராயணபெருமாள் முதலில் ஒப்பமிட்டு, “அடுத்த மெமோ எனக்காக்கும்” என்று சிரித்தார். மறுமொழி என்னவாகும் என்று தெரியாது. தை முடியவில்லை, கூட்டமும் குறையவில்லை. எங்களுக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

தாங்கள் மூட்டுவலி நீங்கி, பேரப்பிள்ளைகள் சூழ, பல்லாண்டு நலமுடன் வாழ இறைவனை வேண்டுகிறோம். ஒருநாள் தாங்கள் பயணியாக வர வேண்டும். எதையும் எங்களிடம் கேட்க வேண்டும்.

‘பணியாளர்கள்’ என்று பொதுவாகப் போடாமல் அவரவர் பெயரை எழுதுகிறோம். பதினொருவரில் பத்துப் பேர் ஒப்பமிட்டோம். மற்றவர் இன்னும் யோசிக்கிறார். அவர் வீட்டு நிலைமை அறிந்து யாரும் வற்புறுத்தவில்லை. அவருக்கு இடம் விட்டிருக்கிறோம். இம்மடலுக்குப் போடும் கண்ணாடிச் சட்டத்தின் பின்பலகையை ஆணி அடிக்காமல் திருகு போட்டே மூடச் சொல்லியிருக்கிறோம்.

31.1.2013

நாராயணபெருமாள், மேலாளர்
ஞானதாசன், படகு ஓட்டுநர்
ஷிஜி, சீட்டுக் கொடுப்பவர்
ஆன்ட்ரூஸ், படகு ஓட்டுநர்
சுதன், எஞ்சின் பழுதுபார்ப்பவர்
முத்துநாயகம், படகு ஓட்டுநர்
ஜெயபாய், துப்புரவுப் பணியாளர்
பொன்னுலிங்கம், இரவுக் காவலர்
சஜின், படகு உதவியாளர்
ரேஷ்மி, அலுவலக உதவியாளர்
....................................