நாற்பத்தேழாம் இலக்கப் படிவமும் கைப்பிடி கழன்ற கதவும்

கறுப்பையா பேச்சியம்மா, வயது 51, தொழில் பல்கலைக்கழக மகளிர் விடுதியில் துப்புரவு வேலை, முகவரி இல. 14/3, பாடசாலை ஒழுங்கை, பல்லேகல, ஆகிய நான் 2018.07.18 அன்று முற்பகல் 11.20 மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் கூறுவதாவது:

முதலில் வெட்கமான விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்த நான் கடந்த திங்கட்கிழமை ஒரு மணித்தியாலம் பல்கலைக்கழக மாணவியாக இருந்தேன்.

அன்று விடுதிச் சாப்பாட்டு அறையில் மனநல டொக்டர் றமீஸா மாணவிகளுக்குக் கேள்விப் படிவம் கொடுத்தார். தற்கொலை எண்ணம் உள்ள பிள்ளைகளை அந்தக் கேள்விகள் சரியாகக் கண்டுபிடிக்கின்றனவா என்று பரீட்சித்துப் பார்க்கத்தான் அது. கவலையான விடை எழுதியவர்களை அன்றே தனியாக அழைத்துப் பேசினார். நிரப்பிக் கொடுத்தால் ஒரு கிறீம் பிஸ்கட் பக்கட். 47ஆம் இலக்கப் படிவத்துக்குரிய மாணவி முத்துலிங்கம் சீதா வரவில்லை. பக்கட் வீணாகிறதே என்று நான் கதிரையில் அமர்ந்து, எழுத்துக் கூட்டி வாசித்து, எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று அடையாளமிட்டுப் பெட்டியில் போட்டேன். பிஸ்கட்டைச் சாப்பிட்டேன்.

அதன் பின்னர் மறுநாள் பகல் 2 மணியளவில் சீதாவின் அறையைக் கூட்டச் சென்றேன். அவர் தனது குடை, இஸ்திரிப்பெட்டி, புதுச் செருப்பு ஆகியவற்றை என்னிடம் தந்து, "வச்சுக்குங்கக்கா, எனக்கு இனி தேவப்படாது" என்றார். "என்னா புள்ள, வெளிநாட்டு மாப்பிள்ளையா?" என்று கேலி செய்தேன். என் கேலிக்கு அந்தப் பிள்ளை சிரிக்காதது அதுவே முதல் தடவை. அப்போது ஒன்பதாம் கேள்வி ஞாபகம் வந்தது: உங்களுக்குப் பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டீர்களா? அதற்கும் நான்தான் "இல்லை" போட்டிருந்தேன்.

அதன் பின்னர், பிறர் கேட்காதபடி பேசக் கதவைச் சாத்தினேன். கைப்பிடி கழன்று என் கையோடு வந்தது, பிறகு கதவைத் திறக்க முடியவில்லை. மாணவியை நான் அடைத்து வைத்ததாக விடுதிப் பொறுப்பாளர் கொடுத்த முறைப்பாடு பிழை. நானும் உள்ளேதான் இருந்தேன். ஜன்னலுக்குக் கம்பி. எனது தொலைபேசி சமையலறையில். சீதா தனது தொலைபேசியை முதல் நாளே தோழிக்குக் கொடுத்திருந்தார். மற்றப் பிள்ளைகள் விரிவுரைக்குப் போயிருந்தனர். கத்திப் பார்த்தேன், எவரும் வரவில்லை.

அதன் பின்னர் நான் செய்ததைச் சொன்னேன். "ஒம் பேர்ல பொய் எழுதிட்டேன் புள்ள. இப்ப வாயால கேக்குறேன், நீயே சொல்லு" என்றேன். ஞாபகமிருந்த கேள்விகளைக் கேட்டேன். பலவற்றுக்கு "ஆமா" என்றார். "பரீட்சையில ரெண்டு தரம் பெயிலுக்கா. உண்மைய எழுதுனா வீட்டுக்குச் சொல்லிருவாங்கன்னுதான் நான் வரல்ல" என்று அழுதார். "எனக்கும் வேல போகப்போகுது. ரெண்டு பேருமே மாட்டிக்கிட்டோம். டொக்டர் வர்ற வரைக்கும் இருப்பியா?" என்று கேட்டேன். "இருக்கேன்" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை.

ஐந்து மணியளவில் மாணவிகள் திரும்பி வந்து, சத்தம் கேட்டுக் காவலாளி நடராஜாவை அழைத்தனர். அவர் கதவை உடைத்தார். அதன் பின்னர் டொக்டர் வந்தார். என் தவறை நானே அவரிடம் கூறினேன். 47ஆம் படிவத்தை நீக்கிப் புதியது கொடுத்தார், சீதாவே நிரப்பினார். சீதா இப்போது டொக்டரின் பராமரிப்பில் இருக்கிறார். என் வேலை பற்றி இன்னும் எவரும் ஒன்றும் கூறவில்லை.

இதில் நான் கூட்டியதோ மறைத்ததோ இல்லை. வாசித்துக் காட்டியபோது என் பேச்சுத்தான் என்று கண்டுகொண்டேன்.

மேலும் ஏதும் உண்டா எனக் கேட்கப்பட்டது. உண்டு. நடராஜா கதவை உடைத்தபோது நான் அதில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். முன் பல் ஒன்று விழுந்தது. சீதா கட்டிலின் கீழ் தேடி எடுத்துத் தந்தார்.

(ஒப்பம்) க. பேச்சியம்மா