கொன்றை ஹோல் வாளி

இல்ல டீச்சர், அந்த வாங்குல ஒக்காராதீங்க, அதுக்கு ஒரு கால் ஆடுது. இந்தக் கதிரையில ஒக்காருங்க. ஆப்பிள் எல்லாம் எதுக்கு? நெஸ்டமோல்ட் மா டின் வேற. நோயாளியப் பாக்க வாற மாதிரியே வந்திருக்கீங்க. சரி, அங்கிட்டு வச்சிடுங்க.

வாசல் கேட் பக்கத்துல வரும்போதே நீங்க யாருன்னு தெரிஞ்சி போச்சி. ஒங்க மூக்குதான் ஒங்க மகனுக்கும். ஆஸ்பத்திரியில வார்டு வாசல்ல தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னானே, மறக்குமா? எங்க வீட்டுக்காரரு லொறியில தம்புள்ளைக்குப் போயிருக்காரு. அவர் இருந்தா ஒங்கள வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டாரு. நல்ல நேரம் பாத்துத்தான் வந்திருக்கீங்க.

ஒங்க மகன் மேல உள்ள கேஸா? அதப் பேசுவோம். மொத தேத்தண்ணியக் குடிங்க. ஏலக்கா தட்டிப் போட்டிருக்கேன். நான் பலாபத்வல ரோட்டுல ஸ்பைஸ் கார்டன்லதானே வேல. டூரிஸ்ட் வந்தா இது மெளகு, இது கறுவான்னு காட்டணும். ஏலக்காவுக்கு நம்ம வீட்டுல பஞ்சமில்ல.

அந்த ஏலக்காதான் டீச்சர் என் மகனுக்குப் பேரு. நிதுஷன்னு நாங்க ஆசையா வச்சோம். கம்பஸ் ஹொஸ்டலுக்கு, அதான் கொன்றை ஹோலுக்குப் போன மொத நாளே, ஒங்கம்மா என்ன வேலடான்னு கேட்டிருக்காங்க. இவன் மறைக்காம சொல்லியிருக்கான். அதோட ஏலக்கா. அதுக்குக் காட்னு சொல்லுவாங்களாம். சீனியர்மார் வைக்கிற பட்டப்பேரு. மூணு மாசத்துக்கு சொந்தப் பேர வாயால சொல்லப்படாது. முன் படியில ஏறப்படாது, பின் படிதான். வரிசையா, குனிஞ்ச தலையோட போவணும்.

ஒங்க மகன் வீட்டுல ஒண்ணும் சொல்லலயா? அடக் கடவுளே. என் மகன் ஒண்ணு விடாம போன்ல சொல்லுவான். அந்த ஹோல் வரலாறு முழுக்க எனக்குத் தெரியும், நீங்க என்ன கேட்டாலும் சொல்லுவேன். நானும் அங்க தங்கிப் படிச்ச மாதிரித்தான்.

புதுசா வாறவங்கள தண்ணி ஊத்தி நனைக்கிறதுக்கு அங்க மழைன்னு பேரு. அது எப்பிடி வந்திச்சி தெரியுமா? ஹோல் கட்டுன புதுசுல ஒரு வருசம் பைப்புல தண்ணி வரலயாம். புதுப் பொடியன்மாரு தூர தூர ஊர்ல இருந்து ரயில்ல வந்து, கரியும் வேர்வையுமா எறங்கியிருக்காங்க. சீனியர்மாரு ஓடைக்குப் போயி, தகர வாளியில தண்ணி சொமந்து வந்து, ஆளுக்கொருத்தரா குளிப்பாட்டி விட்டாங்களாம். பாட்டுப் பாடி, தல தொடச்சி, கூட ஒக்காந்து சாப்பிட்டாங்களாம். எம்புட்டு நல்ல பழக்கம் பாருங்க! பொறவு மாடி கட்டுனாங்க. மாடி வந்ததும் மேல இருந்து ஊத்தத் தொடங்கிட்டாங்க. கீழ முத்தத்துல புதுப் பொடியன்மாரு ஹோல் பாட்டப் பாடிக்கிட்டு நிக்கணும். மேல இருந்து வாளி வாளியா ஊத்துவாங்க. பாட்டு நிக்கவே படாது. நின்னா மறுபடி மொதல்ல இருந்து.

பாட்டு நிக்கலயாம் டீச்சர். வாளி தலையில விழுந்து என் மகன் ரத்தத்தோட கெடக்கான், பயத்துல மத்தவங்க பாடிக்கிட்டே நின்னிருக்காங்க. அதத்தான் என்னால தாங்க முடியல.

தெரியும், தெரியும், ஒங்க மகன் கையில இருந்து வாளி நழுவிடுச்சி. வேணும்னு போடலன்னு அவனும் சொல்றான், என் மகனும் சொல்றான். நானும் நம்புறேன். ஆனா காது போனது போனதுதானே. எடது காது. இனி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பவும் சாப்பிட வாடான்னு அந்தப் பக்கம் நின்னு கத்துவேன். திரும்பவே மாட்டான். கோவம் வந்து முதுகுல ஒண்ணு போடப் போவேன், அப்பத்தான் ஞாபகம் வரும். சுத்திக்கிட்டு மத்தப் பக்கமாப் போயி கூப்பிடுவேன்.

ஒங்க மகனும் நனைஞ்சவன்தான், தெரியுமா? ஆமா. அதுக்கு முந்தின வருசம். அவன் நெஞ்சுச் சளியோட ரூம்ல கெடந்தானாம், ஒரு கிழமை எந்திரிக்கலயாம். பரீட்சைன்னு சொல்லி வீட்டுக்கு வராம இருந்தானா? அதுதான், அப்பத்தான். அழாதீங்க டீச்சர். இந்தாங்க, மொகத்தத் தொடைங்க. அத ஒங்களுக்கு நான் வந்து சொல்ல வேண்டியிருக்கு பாருங்க.

ஊத்துனவன், அடுத்த வருசம் புதுப் பொடியன்மாரு பேச் வாறதுக்கு முந்தி, நனைஞ்சவன் கையில வாளியக் குடுத்திடணும். அதுவும் பழக்கம். வாளிக்கு அடியில ஆணியால கீறி வச்சிருப்பாங்க, வரிசையா எல்லார் காட் பேரும். டாக்டராப் போனவங்க, இஞ்சினியரா வெளிநாடு போனவங்க எல்லாம் அதுக்குள்ள இருக்காங்களாம்.

போன ஞாயித்துக்கெழம ஒங்க மகன் இங்க வந்தான். அதுவும் தெரியாதா? ஒரு சாக்கத் தூக்கிக்கிட்டு பஸ்ல வந்து எறங்குனான். மன்னிப்புக் கேக்க வந்திருக்கான்னு நெனச்சேன். வந்த பிள்ளைய எப்பிடித் தொரத்துறது? சோறு போட்டேன். கருவாடு பொரிச்சேன், நல்லாத்தான் சாப்பிட்டான். கையக் கழுவிட்டு சாக்க அவுத்தான். அந்த வாளி. விளிம்பு ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கு. அது எங்க பட்டு நெளிஞ்சதுன்னு நான் சொல்லத் தேவல்ல.

என் மகன் அத மூஞ்சில விட்டெறிவான்னு பாத்துக்கிட்டு நின்னேன். ரெண்டு கையாலயும் வாங்குனான் டீச்சர். ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சி அழுதாங்க. மல்லி, மல்லிங்கிறான் ஒங்க மகன். இவன் அய்யேங்கிறான். சிங்களத்துல தம்பியாம், அண்ணனாம். அடுப்படிக்குள்ள நின்னு பாத்த எனக்கு நெஞ்செல்லாம் பத்தி எரிஞ்சிச்சி. ஒரு வருசமா நாங்க ஏறாத எடமில்ல, பொலிஸு, கம்பஸ், வக்கீல். இவன் வாளிய மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான். ஏண்டா, ஒனக்கு வெக்கமா இல்லயான்னு கேட்டேன். நான் எடது பக்கம் நின்னு கேட்டுட்டேன் போல. திரும்பல.

அதனால கேஸப் பத்தி நீங்க என்கிட்ட கெஞ்ச வேண்டியதில்ல. நேத்து என் மகனே மாத்தளைக்குப் போயி, நான்தான் படியில வழுக்கி விழுந்தேன்னு பொலிசுல சொல்லிட்டு வந்திட்டான். ஒங்க மகன் பரீட்சை எழுதலாம். நிம்மதியாப் போங்க. வந்ததுமே சொல்லியிருக்கலாம்தான். ஒரு தாய் இன்னொரு தாய் வீட்டுல கொஞ்ச நேரம் பயந்துக்கிட்டு ஒக்காந்திருக்கட்டும்னு நெனச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க.

இவனா? இல்ல, வீட்டுல இல்ல. காலையிலயே ஹோலுக்குப் போயிட்டான். நாளைக்குப் புது பேச் வருதாம். வாளிய சாம்பல் போட்டு வெளக்கி, ஆணியெடுத்து ஏலக்கான்னு அடியில கீறி எடுத்துக்கிட்டுப் போனான். பஸ் ஏறும்போது சிரிச்சான். ரொம்ப நாளைக்குப் பொறவு அவன் சிரிச்சி நேத்தும் இன்னைக்கும்தான் பாக்குறேன்.

கெளம்புறீங்களா? அந்த ஆப்பிள எடுத்துக்கிட்டுப் போங்க, இங்க கெடந்தா அழுகிடும். நெஸ்டமோல்ட்ட மட்டும் வச்சிட்டுப் போங்க. அது கெடாம இருக்கும். நாளைக்கு இவன் வாளிக்குக் கீழ நிக்கப் போறது எந்த ஊரு பிள்ளையோ, யாரு பெத்ததோ, அந்த வீட்டு வாசல்ல போயி நிக்கும்போது நான் வெறுங்கையோட நிக்க முடியாதில்ல.